மெட்டடோர் வேனின் பழுப்புக் கம்பி: தங்கவயலின் மின்வரலாற்றைப் பழுதுபார்ப்பின் வழியே வாசித்தல்

தொழில்நுட்ப வரலாறு என்று தமிழில் நாம் எழுதுவதில் பெரும்பகுதி வருகையின் வரலாறே. இரயில் எந்த ஆண்டு வந்தது, மின்விளக்கு எங்கே முதலில் எரிந்தது, யார் திறந்துவைத்தார் என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. வந்த பொருள் பழுதானபோது அதைப் பிரித்தவர் யார், யாரிடம் கற்றுப் பிரித்தார், மாட்டும்போது எதை மாற்றினார் என்ற கேள்விகளைக் கேட்பவர் குறைவு. டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வெளியிட்ட 'தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்' நூலில் இந்தக் குறையைத்தான் சுட்டினார். கண்டுபிடிப்பை மட்டும் பார்த்தால் ஐரோப்பாவும் அமெரிக்காவும்தான் கண்ணில் படும். பயன்பாட்டையும் பராமரிப்பையும் பார்த்தால் உலகம் முழுவதும் வரலாற்றுக்குள் வந்துவிடும் என்பது அவர் வாதம். கோலார் தங்கவயலைப் பற்றி எழுதுவோருக்கு இந்த வாதம் மிகவும் தேவை. அவ்வூரின் மின்வரலாறு 1902இல் தொடங்கி 1902இலேயே முடிந்துவிடுவதுபோல எழுதப்பட்டு வருகிறது.

ஆகவே இந்தப் பதிவில் வேறொரு இடத்திலிருந்து தொடங்குகிறேன். ஆண்டர்சன்பேட்டையில் ஒருவர் ஒரு பழைய மெட்டடோர் வேனை வாங்கி, வீட்டு வாசலிலேயே பிரித்து, டிங்கரிங் பார்த்து, படுக்கையும் அடுப்பும் விளக்கும் வைத்து, வீட்டு வண்டியாக மாற்ற முனைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் எடுக்கும் ஒவ்வொரு பொருளையும் வரலாற்று மாணவர் எப்படி வாசிக்க வேண்டும்?

முதலில் வண்டி. தென்னிந்தியாவில் ஒரு தலைமுறைக்கு 'வேன்' என்றாலே மெட்டடோர்தான். பள்ளிப் பிள்ளைகள், திருமணக் கூட்டம், நோயாளி, காய்கறி மூட்டை என எல்லாவற்றையும் சுமந்தது. அதன் பிறப்பிடம் ஹாம்பர்க். விடால் & சோன் என்ற நிறுவனம் 'டெம்போ' என்ற வணிகப் பெயரில் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளைச் செய்துவந்தது; நம் ஊரில் சிறு சரக்கு வண்டிகளுக்கெல்லாம் 'டெம்போ' என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். 1949இல் அந்நிறுவனம் 'மெட்டடோர்' என்ற நான்கு சக்கர வண்டியைக் கொண்டுவந்தபோது அதற்கு எஞ்சின் தந்தது வோல்க்ஸ்வாகன். 1950இல் வோல்க்ஸ்வாகன் தன் சொந்த வேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. போட்டியாளனுக்கு எஞ்சின் கொடுப்பானேன் என்று விநியோகத்தையும் விரைவிலேயே நிறுத்திக்கொண்டது. இன்று உலகெங்கும் 'கிளாசிக் கேம்பர் வேன்' என்று போற்றப்படுவது அந்த வோல்க்ஸ்வாகன் வேன்தான். வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951 முதல் அதற்குள் படுக்கையும் அலமாரியும் பொருத்தித் தந்தது. ஆக, நம் மெட்டடோர் அந்தப் புகழ்பெற்ற வண்டியின் ஒருகாலத்து உறவினர். எஞ்சின் பங்காளி என்றுகூடச் சொல்லலாம்.

இந்தியாவில் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1958இல் தொடங்கப்பட்டது. புனேக்கு அருகிலுள்ள ஆகுர்டி ஆலையிலிருந்து 1969 முதல் மெட்டடோர் வெளிவந்தது. ஜெர்மனியில் டெம்போ நிறுவனம் ஹனோமாக் கைக்குப் போய், பிறகு டைம்லர்-பென்ஸ் கைக்குப் போனது. அந்தக் கைமாற்றத்தின் பயனாக மெர்சிடிஸ் டீசல் எஞ்சின் இங்குள்ள மெட்டடோருக்குள்ளும் வந்து சேர்ந்தது. முன்சக்கர இயக்கம் என்பதால் பின்பகுதியில் அச்சுத்தண்டு ஓடுவதில்லை. தரை தாழ்வாகவும் சமமாகவும் இருக்கும். ஆள் குனியாமல் நிற்க வசதியான இந்த அமைப்பே அதை வீடாக்க ஏற்றதாக்குகிறது.

வண்டிக்குள் குடியிருப்பது மேலைநாட்டுப் பொழுதுபோக்கு, நமக்கு அந்நியம் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தங்கவயலிலிருந்து சிறிது தூரத்தில் தொடங்கும் ஆந்திரத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. 1982 மார்ச்சில் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கிய என். டி. ராமராவ், பழைய செவ்ரோலெட் வேன் ஒன்றைப் புதுப்பித்து 'சைதன்ய ரதம்' என்று பெயரிட்டு, ஒன்பது மாதம் மாநிலம் முழுவதும் அதிலேயே சுற்றினார். ஓட்டியவர் அவர் மகன் ஹரிகிருஷ்ணா. வண்டிக்குள் உறங்கி, சாலையோரத்தில் குளித்து, கூரைமேல் ஏறி ஒலிபெருக்கியில் பேசினார். 1983 ஜனவரியில் அவர் முதலமைச்சரானார். இந்த நிகழ்வை அரசியல் வரலாறு எத்தனையோ முறை எழுதிவிட்டது. ஓயாமல் ஓடும் ஒரு பழைய வண்டியில் ஒலிபெருக்கியும் விளக்கும் இரவு பகலாக இயங்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு மின்கம்பி அமைப்பு வேண்டும், அதைப் போட்டவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டும் எழுதப்படவில்லை. தேர் இழுத்தவர்களுக்குக் கிடைத்த இடம்கூடத் தேர் கட்டிய தச்சருக்குக் கிடைப்பதில்லை என்பது பழைய கதைதானே.

இனி கம்பிக்கு வருவோம்.

தங்கவயலின் மின்கதை எல்லோரும் அறிந்தது. ஜான் டெய்லர் & சன்ஸ் நிர்வாகத்தின்கீழ் 1880களில் சுரங்கங்கள் ஆழமாகத் தொடங்கின. நீராவிக்குத் தேவையான நிலக்கரி தொலைவிலிருந்து வந்தாக வேண்டும், செலவு கட்டுப்படியாகவில்லை. திவான் கே. சேஷாத்ரி ஐயரின் அரசு காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து மின்னாற்றல் எடுக்கத் திட்டமிட்டது. பொறுப்பேற்றவர் இராணுவப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியேர். மின் இயந்திரங்கள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்தும், நீர்ச்சக்கரங்கள் சூரிச் நகரின் எஷர் விஸ்ஸிடமிருந்தும் வந்தன. 1902 ஜூன் 30 அன்று 92 மைல், ஏறத்தாழ 148 கிலோமீட்டர், தொலைவைக் கடந்து மின்சாரம் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில்தான்.

இதை 'ஆசியாவின் முதல் நீர்மின் நிலையம்' என்று இன்றும் பலர் எழுதுகிறார்கள். மாணவர்கள் அதைத் திரும்ப எழுத வேண்டாம். டார்ஜிலிங்கின் சித்ராபோங் நிலையம் 1897இலேயே இயங்கியது. ஜப்பானின் கியோட்டோவில் அதற்கும் முன்பே. சிவசமுத்திரத்தின் சிறப்பு அது கடந்த தொலைவில் இருக்கிறது.

அந்தத் தொலைவு எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை விளக்கினால் நம் வேனும் புரிந்துவிடும். கம்பியில் வெப்பமாக வீணாகும் ஆற்றல், மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரே அளவு திறனைப் பத்து மடங்கு உயர்ந்த மின்னழுத்தத்தில் அனுப்பினால் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காகும்; வீணாவது நூறில் ஒரு பங்காகும். அதனால்தான் காவிரியின் மின்சாரம் 30,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அனுப்பப்பட்டது. வேனில் இதே விதி தலைகீழாக வந்து நிற்கிறது. 60 வாட் குளிர்பெட்டி 230 வோல்ட் வீட்டு இணைப்பில் கால் ஆம்பியர் அளவே எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியில் 5 ஆம்பியர் எடுக்கும். பேட்டரியிலிருந்து குளிர்பெட்டி 5 மீட்டர் தள்ளி இருந்தால் போக வர 10 மீட்டர் கம்பி. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்டுக்குள் நிற்கும். 148 கிலோமீட்டரைக் கடந்த மின்சாரம் 5 மீட்டரில் தடுமாறுவது வேடிக்கைதான். வீட்டு ஒயரிங்கில் பழகியவர்கள் வேனுக்கு மெல்லிய கம்பி போட்டு ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

1902இல் மின்சாரம் வந்தது யாருக்கு? ஆலைகளுக்கும் சுரங்க இயந்திரங்களுக்கும் வந்தது. அதிகாரிகளின் பங்களாக்களை ஒளிரச் செய்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து, மூங்கில் தட்டிக் குடிசைகளில் வரிசை வரிசையாகக் குடியமர்த்தப்பட்ட தொழிலாளர்களுக்கு அது வரவில்லை. பெரும்பான்மை ஆதிதிராவிடர்களான அவர்கள் பூமிக்கடியில் மெழுகுவர்த்தியோடும் பிறகு கார்பைடு விளக்கோடும் வேலை செய்து, மேலே வந்து மண்ணெண்ணெய் விளக்கின்முன் உட்கார்ந்தார்கள். தலைக்குமேல் கம்பி சென்றது, வீட்டுக்குள் வரவில்லை. ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்' (1998) இந்த உழைப்புலகத்தைப் பற்றிய அடிப்படை நூல். தங்கவயலில் ஆய்வு செய்ய விரும்பும் எவரும் அதிலிருந்து தொடங்கலாம். மேற்பார்வையும் திறன்வேலையும் நெடுங்காலம் ஐரோப்பியர், ஆங்கிலோ இந்தியர் கைகளில் குவிந்திருந்ததை மனத்தில் வைத்துக்கொண்டால், சுரங்கத் தொழிலாளியின் மகன் மின்பிரிவில் வேலைக்குச் சேர்வது என்பதன் எடை விளங்கும். அது பாறை வெடிப்புக்கும் தூசிக்கும் உள்ளே இறங்குவதிலிருந்து ஓரளவாவது விடுதலை. கம்பியைத் தொடும் உரிமை அங்கே சமூக நகர்வாகவும் இருந்தது.

சிவசமுத்திர மின்சாரத்துக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. அது வினாடிக்கு 25 சுழற்சி கொண்டது. இன்று நாடு முழுவதும் ஓடுவது 50. 25 சுழற்சி மோட்டாரை 50 சுழற்சி இணைப்பில் அப்படியே மாட்டி ஓட்ட முடியாது. அந்தச் சுழற்சியில் சாதாரண குண்டு பல்பு கண்ணுக்குத் தெரியுமளவு துடிக்கும். எனவே வெளியூர்ப் பொருளை அப்படியே வாங்கி மாட்டுவது தங்கவயலில் எல்லா நேரமும் இயலாது. சுருளை மறுபடி சுற்று, பொருத்திப் பார், மாற்றிச் செய் என்ற பழக்கம் இத்தகைய தொழில்நுட்பத் தேவையிலிருந்து வளரக்கூடியது. பாடநூல் கற்றுத்தராத அறிவு அது. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசிடம் வந்தன, 1962இல் நடுவண் அரசிடம் போயின, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் உருவானது. நிர்வாகம் மாறியதேயன்றிப் பழைய இயந்திரங்களை ஓடவைக்க வேண்டிய கட்டாயம் மாறவில்லை. 1964இல் தொடங்கிய பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனம் கனரக வண்டிகளின் உலகத்தை அவ்வூருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. ஆழ்சுரங்க மின்வேலையும் வண்டி வேலையும் ஒரே நகரத்தில் அருகருகே இருந்த ஊர்கள் தென்னிந்தியாவில் அதிகம் இல்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் எழுதப்பட்டவை பெரும்பாலும் 'பேய் நகரம்' என்ற உருவகத்திலேயே உழல்கின்றன. சைனைடு மேடு, துருப்பிடித்த ஷாஃப்ட், விடியற்காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் நெரிசல் இரயில்: இந்த மூன்று படங்களும் உண்மைதான். ஆனால் அந்த இரயிலில் ஏறுபவர்களின் கையில் ஒரு தொழில் இருந்தது என்பதை இப்படங்கள் மறைக்கின்றன.

மீண்டும் ஆண்டர்சன்பேட்டை வாசலில் நிற்கும் வேனுக்குப் போவோம். வண்டியின் ஒயரிங் ஒரு சுவடிக்கட்டு போன்றது. மேல்படிவத்திலிருந்து கீழே போக வேண்டும். மேலே இருப்பது அண்மையில் யாரோ பாட்டு கேட்பதற்காக இழுத்த சிவப்புக் கம்பி. அதன்கீழ் கூடுதல் ஹாரனுக்கான இணைப்பு, இன்சுலேஷன் டேப் சுற்றிய முடிச்சு. எலி கடித்த இடம். அடியில், வெடித்துப்போன உறையோடு, ஆலையிலேயே போட்ட மூலக் கம்பிக்கட்டு. இவ்வளவு சீர்கெட்ட பின்னும் அந்த வண்டி எப்படி ஓடியது என்று கேட்கலாம். பழைய டீசல் எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரம் இல்லாமலே ஓடும். எரிபொருளைச் செலுத்துவது எந்திரப் பம்பு, தீப்பொறி தேவையில்லை. ஹீட்டர் பிளக்கும் செல்ஃப் மோட்டாரும் வேலை செய்தால் போதும், அவையும் போனால் தள்ளி ஓட்டலாம். மின்குறைகள் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமலே மேலும் மேலும் அடுக்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

இந்த அடுக்குகளில் என்னை மிகவும் கவர்ந்தது பழுப்புக் கம்பி. ஜெர்மானிய நிறமரபில் பழுப்பு என்றால் எர்த்; பேட்டரியிலிருந்து நேராக வருவது சிவப்பு. பிரித்தானிய நிறமரபில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து வரும் உயிர்க்கம்பி; எர்த் கறுப்பு. நம் நாட்டு வீட்டு ஒயரிங்கிலோ கறுப்பு நியூட்ரல், எர்த் பச்சை. இந்தியச் சாலைகளில் அம்பாசடரும் ஸ்டாண்டர்டும் பிரித்தானிய வழியில் வந்தவை. மெட்டடோர் ஜெர்மானிய வழியில் வந்தது. எல்லாமே ஒரே பட்டறைக்கு வந்தன. போதாக்குறைக்குப் பழைய பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனையே உடலோடு இணைந்திருக்கும். ஒரே நிறம் ஒரு மரபில் பாதுகாப்பு, மற்றொன்றில் தீப்பொறி. எனவே நிறத்தை நம்பாமல், டெஸ்ட் லாம்ப்பின் ஒருமுனையை உடலில் வைத்து ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்ப்பதே இந்தியப் பட்டறையின் முறைமை ஆயிற்று. மேலைநாட்டுக் கையேட்டுடன் வருபவர் இதைக் கண்டு நாட்டுப்புறச் சோம்பல் என்பார். இரண்டு காலனிய, வணிக மரபுகள் ஒன்றையொன்று மறுத்துக்கொள்ளும் இடத்தில் நின்று வேலை செய்பவரின் பாடபேத ஆராய்ச்சி இது. உ.வே.சா. ஏடுகளை ஒப்புநோக்கியதில் என்ன ஒழுங்கு இருந்ததோ அதே ஒழுங்கு இதிலும் இருக்கிறது. ஒன்றைப் புலமை என்கிறோம், மற்றதைக் கைவேலை என்கிறோம்.

புதுப்பிக்கும் வேலையிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். இணைப்பு இருக்கும்போதே வெல்டிங் வைத்தால் ஆல்டர்னேட்டரின் டயோடு போய்விடும். தரைத்தகடும் சக்கர வளைவும் துரு தின்ற இடங்கள்; வெட்டி ஒட்டுப்போட்டு, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தபின் கம்பி இழுக்க வேண்டும். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் மட்டும் பெயிண்டைச் சுரண்டி வெறும் இரும்பு தெரிய விட வேண்டும். வண்டியில் திரும்பு கம்பி வண்டியின் உடலேதான் என்பதை மறந்தவர்களின் விளக்குகள் மங்கலாக எரியும். குடியிருப்பதற்கு இரண்டாவது பேட்டரி தனியே வேண்டும். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டையும் இணைத்து, நின்றதும் பிரிக்கும் ரிலே ஒன்று இடையில் வேண்டும். இல்லையேல் இரவெல்லாம் ஓடிய மின்விசிறி காலையில் வண்டியை ஸ்டார்ட் ஆகாமல் செய்துவிடும். ஒவ்வொரு பேட்டரிக்கும் மிக அருகில் ஃபியூஸ். ஃபியூஸ் காப்பது குளிர்பெட்டியை அன்று, கம்பியை. பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட நீளம் காவலற்றது என்பதால் அது எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

இவ்வளவு அறிவும் எங்கே பதிவாகிறது? எங்கும் இல்லை. சட்டமும் இதற்கு ஒரு காரணம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. பாதுகாப்பின் பொருட்டு அப்படி ஒரு விதி தேவை என்பதை மறுப்பதற்கில்லை. வீட்டு வண்டி செய்ய நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான். ஆனால் வரலாற்றாய்வாளர் நோக்கில் அதன் விளைவு வேறு. வாசலில் நடக்கும் மாற்றங்கள் தாளில் ஏறுவதற்கு அஞ்சும். தாளில் ஏறாதது ஆவணக்காப்பகத்துக்கு வராது. சேஷாத்ரி ஐயர் அரசின் கடிதப் போக்குவரத்து நமக்குக் கிடைக்கிறது. அந்த மின்சாரத்தை ஒரு நூற்றாண்டு ஓடவைத்தவர்களின் குறிப்பேடு கிடைப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் எழுதப்பட்ட ஏட்டை முழு நூல் என்று பதிப்பிக்கிறோம்.

சுரங்கம் மூடிக் கால்நூற்றாண்டு ஆகிறது. அன்று நடுவயதில் இருந்த மின்பணியாளர் இன்று முதுமையில் இருக்கிறார். எனவே தங்கவயலைக் களமாகக் கொள்ளும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சுரங்க விபத்தையும் வேலைநிறுத்தத்தையும் பற்றிக் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள். அதோடு, எந்தப் பழைய மோட்டாரை எப்படி மறுசுற்றுச் செய்தீர்கள், மின்பிரிவில் யார் உங்களைச் சேர்த்தார், முதல் நாள் என்ன கருவி தந்தார்கள், உங்கள் சொந்த வீட்டுக்கு எந்த ஆண்டு கம்பி இழுத்தீர்கள் என்றும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்களை வீட்டுவாரியாக ஒரு வரைபடத்தில் குறித்தால், 1902இல் ஊருக்கு வந்த மின்சாரம் லைன் வீடுகளுக்குள் நுழைய எத்தனை ஆண்டு எடுத்துக்கொண்டது என்பது தெரிந்துவிடும். வாசலில் பிரித்துப்போட்ட வண்டி நின்றால் அதன் ஃபியூஸ் பெட்டியின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்று அங்கே கையால் எழுதியிருந்தால், அனுமதி கேட்டு ஒரு படம் எடுத்து, தேதியோடு சேர்த்து வையுங்கள்.